பூபதி விழுற மாதிரி

உக்காரும்போது 'அப்பாடா'ன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. தலையில குல்லா, கண்ணுல பெரிய கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. இதுல ஆளு சீனாவா சிலியான்னு யாருக்குத் தெரியும்? ஆனா இடுப்பு சீட்டுல படும்போது வர்ற சத்தம் இருக்கே, அது தாய்மொழியிலதான் வரும். நல்லா இழுத்து விட்டீங்க. மதுரைப் பக்கமா? விருதுநகரா! பாத்தீங்களா, ஒரு ஜில்லாதான் தள்ளிப்போச்சு.

நான் கதிரேசன். திண்டுக்கல். இந்தக் கனடாவுல, கால்கரி வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இல்ல தம்பி, காலையில இந்தப் பனிமலைக்கு வரும்போது பஸ்ல வரல. கார்லதான் வந்தேன். என் சகலை கார். நான், என் சம்சாரம், என் பொண்ணு, அவன், அவன் சம்சாரம், அவன் பையன், எல்லாரும் சேந்து பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தோம். இப்ப அவங்கல்லாம் அதே கார்லதான் திரும்பிப் போயிட்டிருக்காங்க. நான் மட்டும் ஈரப் பேண்ட்டோட இந்த பஸ்ல உக்காந்திருக்கேன். ஏன்னு கேக்கணும்னு தோணுது, ஆனா கேக்க மாட்டேங்கிறீங்க. மரியாதைக்காரப் புள்ள. நானே சொல்றேன்.

துரோகம்.

சிரிக்காதீங்க. பெரிய வார்த்தைதான். ஆனா வேற வார்த்தை இல்ல.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா. அப்ப சகலைன்னா என்னன்னு தெரியாது. ஒரே வீட்டுல அக்காவை ஒருத்தன், தங்கச்சியை ஒருத்தன் கட்டுறான். அக்கா கோகிலா எனக்கு. தங்கச்சி சசிரேகா பூபதிக்கு. அவன் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன். நான் மூத்த மாப்பிள்ளை, அதனால என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான். 'ஏனுங்ண்ணா, நல்லாருக்கீங்ளாண்ணா.' இப்படித்தான் பேசுவான். ஒவ்வொரு வார்த்தையையும் துணி போத்தித் தூங்க வச்சுட்டு அடுத்த வார்த்தைக்குப் போவான். சொந்த அண்ணன் தம்பிகூட சண்டை போட்டுட்டு சும்மா இருந்துறலாம் தம்பி. சகலைகூட முடியாது. ஏன்னா அவன் வீட்டுக்கு ஒரு சாமான் வந்தா, அது உங்க வீட்டுக்கும் வந்தாகணும்.

ஒரு நாள் அவன் பாத்திரம் கழுவுற மிஷின் வாங்கிட்டான். எனக்குத் தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டு சிங்க்ல சத்தம் வருது. டங். டங்க். கரண்டிய வைக்கிற சத்தம்: ட்ட்டிங். என் சம்சாரம் வாயைத் திறக்கல. குக்கர் மூடி பேசுது, தோசைக்கல்லு பேசுது. இருங்க, தோசைக்கல்லு இப்படி: ட்ட்ட்டௌம். ஹாலுக்கு வந்து என் நெஞ்சுலதான் விழுந்துச்சு அது.

மறுநாளே பூபதியைக் கூப்பிட்டு வச்சுப் பேசினேன். 'சகலை, இனிமே நாம தனித்தனியா எதுவும் வேணாம். வாங்கினா ரெண்டு பேரும் வாங்குவோம். கத்துக்கிட்டா ரெண்டு பேரும் கத்துக்குவோம். மக்காயிருந்தாலும் ரெண்டு பேரும் சேந்து மக்கா இருப்போம்.' அவன் என் கையைப் புடிச்சு, 'அதுதாங்ண்ணா கரெக்டு'ன்னான். அதுல இருந்து பாருங்க, ஜிம்முல ஒண்ணா சேந்தோம், ஒண்ணா நிறுத்தினோம். கல்யாண நாளைக்கு ஒரே கடையில ஒரே பூங்கொத்து. அக்காவும் தங்கச்சியும் போன்ல மணிக்கணக்கா பேசி ஆராய்ச்சி பண்ணாலும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒரு ஒப்பந்தம். அதைத்தான் உடைச்சான்.

வர்றேன், விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி என் வித்தையைச் சொல்லணும். ஒரு ஆளை ரெண்டு நிமிஷம் பாத்தாப் போதும், அவனாவே ஆயிருவேன். இப்ப ஏறும்போது டிரைவர் சொன்னாருல்ல, பெல்ட் போட்டுக்கோங்கன்னு? பாருங்க... எப்படி? திரும்பிப் பாக்கறாரு பாருங்க, தானே பேசிட்டமோன்னு! அந்த மாதிரி.

எங்க தமிழ்ச் சங்கத்துல ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மிமிக்ரி உண்டு. சங்கத் தலைவர் குரல் பண்ணுவேன், ஐயர் குரல் பண்ணுவேன். ஆனா கூட்டம் எதுக்குக் காத்திருக்கும்னா, பூபதிக்குத்தான். அவன் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்துல சங்க விருந்துக்குப் பெரிய குண்டான் நெறைய சாம்பார் கொண்டாந்தான். கார்ல இருந்து எறங்கி ஐஸ்ல ஒரு கால் வச்சான் பாருங்க. வலது கை மேல போச்சு. இடது கால் அதுக்கும் மேல போச்சு. 'ஏனுங்'ன்னு ஒரு சத்தம். யாரைக் கூப்பிட்டான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மல்லாக்க விழுந்து, சாம்பார் பூரா அவன் மேல, கையில மூடிய மட்டும் கெட்டியாப் புடிச்சிருக்கான். நான் போய்த் தூக்கினா, 'மூடி வந்திருச்சுங்ண்ணா'ங்கிறான்.

இதை விட்டு வைக்க முடியுமா? மேடையில போட்டேன். ஹால் அதிர்ந்துபோச்சு. அதுல இருந்து வருஷா வருஷம். என் பேரை மைக்ல சொன்னாலே பின்வரிசையில இருந்து 'சாம்பார்! சாம்பார்!'ன்னு கத்துவாங்க. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அவனை சாம்பார் பூபதின்னாத்தான் தெரியும். பொழைக்க வந்த ஊர்ல ஒரு மனுசனுக்குப் பேர் கிடைக்கிறது சும்மாவா? நான் வாங்கிக் குடுத்தேன்.

அவனும் சிரிப்பான் தம்பி. முதல் வரிசையில உக்காந்து சிரிப்பான். போன வருஷம்கூட சிரிச்சான், பாதியில எழுந்து வெளிய போனான். ரொம்ப சிரிச்சா அவனுக்கு வயிறு வலிக்கும்.

சரி. இந்த ஸ்னோபோர்டு கதைக்கு வருவோம். புள்ளைங்க ரெண்டும் சின்னதுல இருந்து பலகையில நின்னு சர்ரு சர்ருன்னு போகுதுங்க. நாங்க கீழ நின்னு ஜாக்கெட்டைப் புடிச்சிக்கிட்டு இருப்போம். இந்தத் தடவை பொம்பளைங்க ரெண்டு பேரும் சேந்து எங்க ரெண்டு பேரையும் பெரியவங்களுக்கான வகுப்புல சேத்து விட்டாங்க. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஏன்னா சாம்பார் கொஞ்சம் பழசாயிருச்சு. பொங்கல் விழா வேற பக்கத்துல வந்துருச்சு. பூபதி பலகையோட விழுந்தா, அது ஒரு புது ஐட்டம். பலகைக்கு பதிலா இஸ்திரி போடுற மேசைய வச்சுப் பண்ணலாம்னு வரைக்கும் யோசிச்சு வச்சுட்டேன். கார்ல வரும்போதே சொன்னேன், 'சகலை, நல்லா விழு, எனக்குப் புது சரக்கு வேணும்'னு. 'சரிங்ண்ணா'ன்னான். கமுக்கமா 'சரிங்ண்ணா'ன்னான்!

அந்த பூட்ஸ் போட்டிருக்கீங்களா? மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். அதைப் போட்டுட்டு வாத்து மாதிரி நடந்து போனா, சொல்லிக் குடுக்க ஹெதர்னு ஒரு அம்மா. என் மாமியார் வயசு. மாமியார் மாதிரியே பேச்சு. 'முழங்காலை மடக்கு! இன்னும்! நாற்காலி இருக்கிற மாதிரி நெனச்சுக்கோ!' நானும் நெனச்சேன். உக்காந்துட்டேன்.

எந்தக் காலை முன்னாடி வைக்கிறதுன்னு பாக்கணுமாம். அதுக்கு அந்தம்மா பின்னாடி வந்து சொல்லாம முதுகுல ஒரு தள்ளு தள்ளும். எந்தக் கால் முன்னாடி போகுதோ அதுதான் உங்க கால். என்னைத் தள்ளுச்சு. எனக்கு மூஞ்சிதான் முன்னாடி போச்சு. பூபதிகிட்ட போனா, அவன் தள்ளறதுக்கு முன்னாடியே 'வலது காலுங்க'ன்னுட்டான். எப்படிடா தெரியும்னு அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். நான் வாயில இருந்த பனியைத் துப்பிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு பெல்ட்டு. ஏர்போர்ட்ல பெட்டி வருமே, அதே மாதிரி. அதுல ஏத்தி மேல அனுப்புறாங்க. நாமதான் பெட்டி. பக்கத்துல கொழந்தைங்க வாயில விரலை வச்சுக்கிட்டு அலட்டிக்காம நிக்குதுங்க. மேல போயி, பலகையில ரெண்டு காலையும் கட்டி விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல ரெண்டு காலையும் சேத்துக் கட்டுறது எப்பன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு. குதிகால்ல அழுத்துன்னாங்க, அழுத்தினேன், மல்லாக்க விழுந்தேன். கால் விரல்ல அழுத்துன்னாங்க, குப்புற விழுந்தேன். எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே விழுந்தேன்.

ஆனா நான் ஒரு கண்ணு பூபதி மேலயே வச்சிருந்தேன். சரக்கு வேணும்ல. அவன் மெதுவா வந்தான். கொஞ்ச தூரம் வந்துட்டு விழுந்தான். வலது கை மேல போச்சு. இடது கால் மேல போச்சு. 'ஏனுங்'. எனக்கு ஒரே சிரிப்பு. மறுபடி விழுந்தான். வலது கை, இடது கால், 'ஏனுங்'. அப்பத்தான் தம்பி, சிரிப்பு நடுவுல நின்னுபோச்சு.

என்னமோ சரியில்ல.

விழுகைன்னா ஒரே மாதிரி ரெண்டு தடவை வராது. நான் தொழில் தெரிஞ்சவன், சொல்றேன். நெஜமா விழுறவனுக்கு எந்தக் கை எங்க போகும்னு அவனுக்கே தெரியாது. இவன் அளந்து விழுறான். கீழ படுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம் குடுக்கறான். அந்த நிறுத்தம் என்னோடது! கூட்டம் சிரிக்கறதுக்காக நான் மேடையில போடுற நிறுத்தம் அது. பூபதி ஐஸ்ல விழுந்தப்ப அது கிடையாது. புரியுதா? அவன் விழல. நான் பண்ற பூபதியை அவன் பண்றான். என்கிட்டயே!

டூப்ளிகேட்டு எனக்குத் தெரியாதா? 'சகலை!'ன்னு கத்திக்கிட்டு அவனைப் பாத்துத் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. பலகை நேரா கீழ பாத்துருச்சு.

எப்படிப் போனேன்னு கேக்காதீங்க. ஒரு கொழந்தை, ரெண்டு ஆரஞ்சுக் கூம்பு, ஒரு வெள்ளைக்காரம்மா, எல்லாரும் என் பக்கத்துல பறந்து போறாங்க. கீழ கம்பி வேலி. அதுக்கு இந்தப் பக்கம் ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. 'விழு! விழுந்துரு!'ன்னு ஹெதரம்மா கத்துது. அவ்வளவு நேரம் விழுந்தவனுக்கு அப்பப் பாத்து விழ வரல தம்பி!

மேல இருந்து ஒரு சத்தம். ஷ்ஷ்ஷ்ஷ்க். துணி கிழியிற மாதிரி. திரும்பினா பூபதி. ஒரு பக்கம் சாயறான், இன்னொரு பக்கம் சாயறான், தண்ணில மீன் போற மாதிரி வந்து, என்னைத் தாண்டி, குறுக்க நிறுத்தி, என் இடுப்பைக் கட்டிப் புடிச்சான். ரெண்டு பேரும் உருண்டோம். வேலிக்கு ஒரு கை தூரம். 'அடி பட்டுதுங்ளாண்ணா?'ங்கிறான். மூச்சுகூட வாங்கல அவனுக்கு.

ஹெதரம்மா கையைத் தட்டிக்கிட்டே ஓடி வருது. சந்தோஷத்துல என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பூ! அதேதான் பூ! போன சனிக்கிழமை வராத திருப்பம் இன்னிக்கு வந்துருச்சு பாரு!'

பூவாம்.

சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிச்சு. அந்தம்மாவையும் கூட்டுச் சேத்து வச்சிருக்கான். சீசன் தொடங்கினதுல இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில என்ன சொல்லிட்டுப் போவான் தெரியுமா? கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போறேன்னு! பிள்ளையார் பேரைச் சொல்லி! நான் பூபதி பூசணிக்கா நறுக்குறதைக்கூட மேடைக்குத் தயார் பண்ணி வச்சிருந்தேன் தம்பி. இல்லாத பூசணிக்காய்க்கு நான் ஒத்திகை பாத்திருக்கேன்.

மத்தியானம் கேண்டீன் மூலையில உக்காந்து புளிசாதத்தைப் பிரிச்சோம். நான்தான் ஆரம்பிச்சேன்.

'சொல்லு பூபதி. என்ன ஒப்பந்தம் நம்ம ஒப்பந்தம்?'

'தப்புதாங்ண்ணா.'

'நான் உன்கிட்ட மறைச்சு ஒரு ஸ்பூன் வாங்கியிருக்கேனா?'

'இல்லீங்ண்ணா.'

'அப்புறம் ஏண்டா?'

அவன் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான். 'கத்துக்கறப்ப விழுகோணும்ல்லீங்ண்ணா. நான் விழுறத நீங்க பாக்க வேண்டாம்னு இருந்துச்சு. அவ்வளவுதானுங்.'

நான் பாத்தா என்ன? நான் யாரு? அந்நியனா? இவனை சாம்பாரோட தூக்கினவன் நான்! கேட்டேன் அப்படியே. உடனே என் சம்சாரம் கோகிலா குறுக்க வந்தா. 'தூக்கினீங்க. அப்புறம் வருஷா வருஷம் மறுபடி கீழ போட்டீங்க'ங்கிறா. என் சம்சாரம்! எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இவளுக்கும் தெரியும். பொண்ணு யாழினி தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்பளத்தை ஒடைக்கிறா. 'நான்தான்பா சித்தப்பா கூடப் போனேன். சித்தப்பா ரொம்ப விழுந்தாருப்பா. நான் யாருக்கும் சொல்லல'ங்கிறா. அவளும். மொத்தக் குடும்பமும் சேந்து எனக்குத் தெரியாம ஒரு விழுகையை ஒளிச்சு வச்சிருக்கு.

இன்னும் கேளுங்க. பூபதி சொல்றான், 'எங்க பையன் வீட்ல என்னைய மாதிரியே பண்ணிக் காட்டறானுங்ண்ணா. ஆனா அது என்னையப் பாத்து வந்ததில்லீங். உங்களப் பாத்து வந்தது.'

எனக்கு மனசு கொஞ்சம் இளகிப்போச்சு, மறைக்கல. அந்தப் பையனுக்கு அப்படி ஒரு திறமை இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. 'அனுப்பி வை சகலை, நான் சொல்லித் தர்றேன்'னேன். சசிரேகா எழுந்து தண்ணி பிடிக்கப் போயிட்டா.

அப்புறம் அவன் சமாதானத்துக்கு வந்தான். 'அடுத்த சனிக்கிழமை நம்ம ரெண்டு பேரும் மட்டும் வருவோமுங்ண்ணா. நான் கையப் புடிச்சே சொல்லிக் குடுக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். ஒண்ணே ஒண்ணுங்ண்ணா. இந்தப் பொங்கலுக்கு என்னைய மேடையில பண்ணாதீங்க.'

பாத்தீங்களா! மொதல்ல துரோகம், அப்புறம் கண்டிஷன்! வேற யாரா இருந்தாலும் பரவாயில்ல தம்பி. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். கூட வேலை பாக்கறவன்லாம் ஹாய் சொல்லுவான், பை சொல்லுவான், நடுவுல ஒண்ணும் சொல்ல மாட்டான். எது நடந்தாலும் மொதல்ல இவனுக்குத்தான் போன் போடுவேன். அவன் என் கலையில கை வைக்கறான். 'உன் காரும் வேணாம், உன் பாடமும் வேணாம்'னு புளிசாதத்தைப் பாதியில வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். இந்த பஸ்ஸைப் புடிச்சேன். பசிக்குது. அது வேற விஷயம்.

நீங்களே சொல்லுங்க. யாரு மேல தப்பு?

என்ன தம்பி, ஜன்னலைப் பாக்கறீங்க. இருங்க, போன் அடிக்குது. அவன்தான். எடுக்கட்டுமா வேணாமா? எடுக்கறேன். அவன் மன்னிப்புக் கேக்கறதை நீங்களும் கேளுங்க.

ம். சொல்லு.

...பஸ்லதான். பக்கத்துல ஒரு தம்பி, விருதுநகர். பேசிக்கிட்டு வர்றோம்.

...ம்.

...ம்.

...அப்படின்னா? வீட்ல எல்லாரும்தானா?

...ஏய், நான் அதுக்குச் சொல்லல பூபதி.

...பூபதி.

வச்சுட்டான்.

ஒண்ணுமில்ல. ஜெயிச்சுட்டேன். பொங்கலுக்குப் பண்ணிக்கோங்கன்னுட்டான். சாம்பார், பலகை, எது வேணும்னாலும் பண்ணிக்கோங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னான். கோவமெல்லாம் இல்ல. நாங்க மட்டும் விழாவுக்கு வரலீங்ண்ணான்னான். இந்த வருஷம் மட்டுமான்னு கேட்டேன். பாத்துப் போங்கன்னான்.

அவன் வரலைன்னா முதல் வரிசையில யாரு உக்காருவா? தலைவரு உக்காருவாரு. தலைவருக்கு சிரிக்கவே தெரியாது. நான் மேடையில இருந்து யாரைப் பாத்துப் பண்றது? இதுவும் துரோகந்தான். அனுமதி குடுக்கற மாதிரி குடுத்துட்டு...

விடுங்க. அவன் எப்படிச் சொன்னான்னு உங்களுக்குப் பண்ணிக் காட்டறேன். கேட்டா நீங்களே அசந்துருவீங்க. இருங்க. 'நீங்க பண்ணிக்கோங்ண்ணா.'

இல்ல. இப்படி இல்ல, இது மேடை பூபதி. அவன் இவ்வளவு இழுக்கல. 'பண்ணிக்கோங்ண்ணா...'

ச்சே. இன்னும் சன்னமா. தொண்டைக்குக் கீழ இருந்து. ஒரு நிமிஷம். எனக்கு வராத குரல்னு ஒண்ணு கிடையாது தம்பி, பத்து வருஷமா பண்ற குரல் இது.

'நீங்க...'

வரல.

நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. ஆள் பாத்தா எனக்கு வராது.